ரப்பர்க் குழாய்

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பின் ஸீட்டில் உட்கார்ந்தால் சுகமாகத் தூக்கம் வரும் என்பது ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமனார் தம்முடைய ஆஸ்டின் ஏ-40 காரை ஒப்படைத்தார். கண்ணில் சத்திர சிகிச்சை ஆன புதிது. குனியவே கூடாதென்று டாக்டர் உத்தரவு.

"ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டும் கசியுது, மாப்பிள்ளை. புதுப்பேட்டையிலிருந்து புதுசு வந்தாச்சு. கழற்றி மாட்டிடுங்க. பத்து நிமிஷ வேலை. ஆனா, பழசைக் கிழிக்காம எடுக்கணும்."

அந்த வண்டியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி லாரி, பஸ் என்று பெரிய சம்சாரியாவதற்கு முன்னால், எண்ணூரில் இங்கிலாந்து ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. அப்படிப் பூட்டிய ஒன்றை மாமனாரின் தகப்பனார் வாங்கி ராயபுரத்துக்கு ஓட்டி வந்தார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஏழெட்டு மைல்தான்.

எஞ்சின் ஆறியிருந்தது. அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தேன். மேல் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பின் திருகு, வலது கைக்கு எட்டாதபடி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் காற்றில் துரு வேறு. அதைக் கழற்றுவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. ஹோஸோ அசையவில்லை. முறுக்கினேன், இழுத்தேன், வெந்நீர் ஊற்றினேன், கடைசியில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். நகர்ந்தது ஹோஸ் அல்ல, ரேடியேட்டரின் மூக்கு!

அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் புகுந்து புறப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வந்தேன்.

அவர் விரலால் மூக்கைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, நிறுத்திட்டீங்க. இன்னொரு தபா இஸ்த்திருந்தா, ஹோஸ் வராது சார், மூக்குதான் வரும். மெல்லிசு பித்தளை, ஈயத்துல பத்த வச்சிக்கிது."

ரப்பர் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பிறகு ஒரு நண்பரிடம் கேட்டேன். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. சூடு படப்பட இந்தக் கந்தகமும் அந்தச் செம்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுவிடுமாம். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசுவதே ரப்பர் அதை விடாமல் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானாம். 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னால் டயருக்கு வந்த மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரியும் திருவொற்றியூரில் பிறந்ததுதான். ரப்பரின் குணம் அந்த ஊர்க்காரருக்குத் தெரியாமல் போகுமா?

"கத்தி வச்சிக் கீறி உரிச்சிடலாம்" என்றார் மெக்கானிக்.

"கூடாது" என்றார் திண்ணையிலிருந்து மாமனார்.

சில நூறு ரூபாய் பெறாத பழைய ரப்பர்! மாமனாரின் சிக்கனம் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு தூரத்துக்குப் போகுமென்று நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக் ஒன்றும் பேசாமல் கீழ் ஹோஸைக் கவனிக்கக் குனிந்தார். அங்கேயும் திருகு இடப்பக்கம். "எவன் மாட்னான் இத்தை? பீச்சாங்கைக்காரனா?" என்று முணுமுணுத்தார்.

"ஆமாம்" என்றார் மாமனார். "என் பையன்."

என் மைத்துனன் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவன் இடக்கையால் எழுதுவான், பந்து போடுவான், சாப்பிடும்போது மட்டும் அம்மாவுக்குப் பயந்து வலது கை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முக்கால் மணி நேரம் அந்தத் திருகைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவைகூட அவன் நினைவு வரவில்லை.

மெக்கானிக் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பீடி பற்ற வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. மாமனார் மெதுவாக இறங்கி வந்து, டாக்டர் சொன்னதை மறந்து குனிந்து, ஹோஸை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"மூக்கு போச்சுன்னா?"

"இந்த வண்டிக்கு வேற ரேடியேட்டர் தேடி அலையணும், அய்யா."

"சரி. கீறு."

கத்தியைச் சாய்வாகப் பிடித்து, நீளவாக்கில், முக்கால் ஆழம்தான் கீறினார். முனை பித்தளையில் பட்டுக் கோடு விழுந்தால் அதன் வழியே தண்ணீர் கசியுமாம். பிறகு கட்டை விரலால் நெம்பி, பலாச்சுளையைப் பிரிப்பதுபோல் பிரித்தார். மூக்கின்மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த எச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். புது ஹோஸின் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இத்தனைக்கும் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

புதுக் கிளிப்பை மாட்டும்போது மாமனாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திருகை இடப்பக்கம் திருப்பி வைத்து முடுக்கினார்.

"அடுத்த தடவையும் எட்டாதே!" என்றேன் நான்.

"எட்டும், மாப்பிள்ளை. இடது கையால பழகிக்குங்க" என்றார் மாமனார்.