கூடத்தில் கிடந்த கட்டில்

லண்டன், செப்டம்பர் 2021



எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு வயது எழுபத்தாறு. இடுப்பு மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதால், கட்டிலைக் கீழே கூடத்தில் போட்டுக்கொண்டார். 2020 ஏப்ரலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மார்ச் 17 அன்று, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிவைக்கும்படி இங்கிலாந்து தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகளுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த வாரமே அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

தள்ளிவைத்ததில் நியாயம் இருந்தது. மயக்க மருத்துவர்கள், செயற்கை சுவாசக் கருவிகள் எல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவைப்பட்டன. அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்.

என்னை உறுத்துவது 'அவசரமில்லாத' என்ற சொல். உடனே உயிர் போகாது என்பதுதான் அதற்குப் பொருள்; வலி பொறுக்கும் என்பதல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்டனில் இடுப்பு மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களை ஆராய்ந்தார்கள். மருத்துவ அளவுகோலின்படி மூன்றில் ஒருவரின் நிலை சாவைவிட மோசம் என்று தெரியவந்தது. இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் 2020 பிப்ரவரியில் சுமார் 1,600 பேர். 2021 மார்ச்சில் 4,36,000 பேர். மற்றெந்தப் பிரிவையும்விட எலும்பு மூட்டுப் பிரிவில்தான் வரிசை நீளம்.

ஒருவழியாக 2021 ஜூனில் மூதாட்டியை அழைத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு கொரோனா சோதனை. அன்றிலிருந்து வாசல் தாண்டக் கூடாது. காய்கறி, ரொட்டி எல்லாம் நாங்கள் வாசலில் வைத்துவிட்டு வருவோம். இடையில் தொற்று வந்திருந்தால் இன்னும் ஏழு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்பது அப்போது மருத்துவர்களின் அறிவுரை. அந்த மூன்று நாளும் தும்மலுக்குக்கூடப் பயந்தார்.

அடுத்த தொற்றலை வந்தாலும் இத்தகைய அறுவை சிகிச்சைகளின் கதவு மூடக் கூடாது. அதற்கு வழி இல்லாமலில்லை. தென்மேற்கு லண்டன் மருத்துவமனைகள் சேர்ந்து 2004 முதல் எப்சமில் மூட்டு, எலும்பு அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் நடத்துகின்றன. அவசரப் பிரிவின் கூட்டம் அந்தப் படுக்கைகளை அவ்வளவு எளிதில் பறிக்காது. அப்படிப்பட்ட இடங்கள் ஊருக்கு ஊர் வேண்டும்.

போன ஞாயிறு நானும் என் மகனும் அந்தக் கட்டிலைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனோம். மூதாட்டி எங்களுக்கு முன்னால் கைப்பிடியைப் பிடித்துப் படியேறிப் போய், தலைமாடு எந்தப் பக்கம் என்று நின்று காட்டினார்.

அன்புடன்,
உங்கள் லண்டன் மடலாசிரியர்