எல்லாத் தலையிடியும் யோசனையால் வருவதல்ல

தலையிடி எங்கள் பெண்களுக்குப் புதினமான விடயமல்ல. காணாமற்போனவரைத் தேடி அலைபவளுக்கும், தனியாக நின்று பிள்ளைகளை வளர்ப்பவளுக்கும் அது அடிக்கடி வந்துபோகிற ஒன்று. "யோசிக்கிறதால வருகுது" என்று இரண்டு பனடோலோடு விட்டுவிடுவோம்.

மட்டிக்களியில் இருக்கும் என் மச்சாளுக்கு 2013இல் வந்தது அந்த வகையல்ல. மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், "பிடரியில ஆரோ அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஒரு கணத்தில் உச்சிக்கு ஏறிய வலி. பிறகு சத்தி, கழுத்து விறைப்பு. அயலவர்கள் எண்ணெய் தேய்த்துப் படுக்கச் சொன்னார்கள். மகள் கேட்கவில்லை, ஓட்டோ பிடித்துவிட்டாள். (இன்று 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அப்போது அது இல்லை.)

ஸ்கான் எடுத்தபோது மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தது. இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, சைக்கிள் ரியூப் போலப் புடைத்து வெடித்திருக்கிறது. இந்தப் புடைப்பை அனியூரிசம் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூட. வெடித்தது திரும்பவும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம். உடனே கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அதை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் சிறிய கிளிப் பூட்டுவது. அமெரிக்க வைத்தியர் வோல்டர் டாண்டி 1937இல் செய்து காட்டியது. மற்றது, தொடையடியில் மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைவரை கொண்டுபோய், பிளாட்டினம் கம்பிச் சுருள்களால் புடைப்பை நிரப்புவது. 1990இல் குக்லியெல்மி என்பவர் தொடக்கினார். தலையில் வெட்டே இல்லை.

வெட்டில்லாதது நல்லதுதானே என்று நாங்கள் நினைத்தோம். 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் ஓரளவு அப்படித்தான் சொன்னது. 2143 நோயாளர்களைப் பார்த்ததில், ஒரு வருடத்தின் பின் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் கிளிப் பக்கத்தில் நூற்றுக்கு 31 பேர், சுருள் பக்கத்தில் 24 பேர். ஆனால் அவர்கள் எல்லோரும் இரண்டு முறையும் பொருந்தும் என்று வைத்தியர்கள் கருதியவர்கள். புடைப்பின் கழுத்து அகலமென்றால் சுருள் நில்லாமல் நழுவலாம். சுருள் வைத்த இடத்தில் திரும்ப இரத்தம் கசிவதும் சற்றுக் கூட. மறுபடி மறுபடி ஸ்கான் பார்க்க வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறுகிறவளுக்கு அதுவும் ஒரு கணக்குத்தான்.

மச்சாளுக்குக் கழுத்து அகலம், கிளிப்தான் போட்டார்கள். தலைமயிரை வழித்ததற்குத்தான் அவர் கூட அழுதார்! இப்போது பிரஷர் குளிசையைத் தவறவிடுவதில்லை.

இன்னொன்று. 2006இல் மூதூரில் பட்ட ஷெல் துண்டு அவருடைய தோளில் இன்னும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் காந்தத்தால் இயங்குவது. உடம்பில் கிடக்கும் இரும்பை அது இழுக்கும், சுடவைக்கும். உங்கள் உடம்பில் துண்டோ சன்னமோ இருந்தால், தழும்பு ஆறி எத்தனை வருடமானாலும், ஸ்கான் அறைக்குள் போகமுன் சொல்லுங்கள். கிளிப் போட்டவர்கள் அது என்ன வகை என்று எழுதிய துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். மச்சாள் அதை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்.