நாலு பெயரும் ஒரு போட்டோவும்



போன மாதம் இந்த இடத்தில் விடுகதை வந்தது. அதற்கு முந்தின மாதம் சமையல் குறிப்பு. இந்தத் தடவை கொஞ்சம் கம்ப்யூட்டர் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயந்து ஓடிடாதீங்க, ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் புரியும்.

போட்டோ ஸ்டூடியோவில் போட்டோஷாப்பைத் திறக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? வேலை செய்கிற திரை வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதுதான் தொடக்கத் திரை, ஸ்பிளாஷ் ஸ்கிரீன். அதில் பொடி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். முதல் பெயர் தாமஸ் நோல். அவரும் அவர் தம்பி ஜான் நோலும் சேர்ந்து உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அந்தப் பட்டியலில் பல பதிப்புகளில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரும் இருந்தது. அட, நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கே என்று நின்று படித்தவர்கள் எத்தனையோ பேர்.

சரி, இந்தத் திரை எதற்கு? புரோகிராம் சும்மா இருக்கும்போது ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது. நாம் கிளிக் செய்ததும் அதை எழுப்பி நினைவகத்துக்கு, அதாவது ரேமுக்கு, கொண்டுவர வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அதுவரை திரையில் ஒன்றுமே வராவிட்டால் நாம் சும்மா இருப்போமா? இன்னும் நாலு தடவை கிளிக் பண்ணுவோம்! வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மா, "உட்காருங்க, இதோ காபி கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்களே, அந்த வேலைதான் தொடக்கத் திரைக்கு.

அந்த ஒரு வார்த்தையே பெரிய விருந்தாகிவிடக் கூடாது. விண்டோஸ் 95-இன் தொடக்கப் படம் 320க்கு 400 புள்ளிகள், 256 நிறங்கள்தான். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 1,28,000 பைட். அந்த விண்டோஸுக்குக் குறைந்தபட்சம் 4 எம்பி நினைவகம் இருந்தால் போதும். அவ்வளவு சிக்கனம்.

இனி நம் நூலகக் கதைக்கு வருவோம். புத்தகம் கொடுக்க, வாங்க நூலகக் கணினியில் ஒரு புரோகிராம் இருக்கிறதல்லவா? போன வருடம் பிளஸ் டூ படித்த அக்காக்கள் நாலு பேர் பைத்தானில் எழுதியது. திறந்ததும் ஆண்டு விழாவில் எல்லோரும் நின்று எடுத்த போட்டோ வரும், கீழே அவர்கள் பெயர் வரும், பிறகு புத்தகப் பட்டியல் வரும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணினி விண்டோஸ் 7, 1 ஜிபி நினைவகம். கிளிக் செய்ததிலிருந்து பட்டியல் வர 22 வினாடி ஆனது (நானே வாட்ச் வைத்துப் பார்த்தேன்). யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனதால், கரண்ட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாலும் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகும் ஒவ்வொரு பதிவுக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கு மினுக்கென்று மின்னும். ரேமில் இடம் பத்தாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையே நினைவகம் மாதிரி பயன்படுத்தும். ஆனால் டிஸ்க் ரேமை விட எத்தனையோ மடங்கு மெதுவு. மதிய மணி அடித்ததும் வரிசையில் நிற்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் வாங்காமலே வகுப்புக்குத் திரும்பினார்கள். நூலக ஆசிரியை ஒருநாள், "இது சரிப்படாதும்மா, பழையபடி நோட்டுலயே எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு நாங்கள் உட்கார்ந்தோம்.

போட்டோவைப் பார்த்தோம். 4000க்கு 3000 புள்ளி, நல்ல செல்போனில் எடுத்தது. கோப்பாக இருக்கும்போது சுருட்டி வைத்த பாய் மாதிரி சின்னதாகத்தான் இருக்கும். திரையில் காட்ட வேண்டுமானால் பாயை விரிக்க வேண்டும். ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி, புள்ளிக்கு 4 பைட், ஆக 4 கோடியே 80 லட்சம் பைட்! விண்டோஸ் 95 கேட்ட மொத்த நினைவகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், ஒரு போட்டோவுக்கு.

இதைவிடப் பெரிய சங்கதி வேறு. தொடக்கத் திரை மூடிய பிறகும் போட்டோ நினைவகத்தை விட்டுப் போகவில்லை. விருந்தாளி ஊருக்குப் போய்விட்டார், அவர் படுத்த கட்டில் மட்டும் கூடத்தின் நடுவில் கிடக்கிறது.

ஏன் அப்படி? மாறியின் ஸ்கோப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை. ஃபங்ஷனுக்குள் பிறந்த மாறி, ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். ஒரு பொருளை எத்தனை பெயர்கள் பிடித்திருக்கின்றன என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் உடனே துடைத்துவிடும். டிகின்டரில் ஒரு படத்தை ஃபங்ஷனுக்குள் ஏற்றிக் காட்டினால் வெறும் பெட்டிதான் வரும். சன்னல் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறதே, அது கணக்கில்லையா என்றால், இல்லை. பைத்தான் பக்கத்தில் யாராவது பிடித்திருக்க வேண்டும். அதனால் அக்காக்கள் அந்த மாறியைக் குளோபல் ஆக்கியிருந்தார்கள். படம் வந்தது. ஆனால் குளோபல் பெயர், புரோகிராமை மூடும்வரை பிடியை விடாது. அவர்கள் எழுதிப் பார்த்த லேப்டாப்பில் 8 ஜிபி இருந்ததாம். அங்கே இது தெரியவே தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

வழி சுலபம்தான். குளோபலை எடுத்துவிட்டு, படத்தைத் தொடக்கத் திரையின் லேபிளோடு சேர்த்துக் கட்டினோம். டெஸ்ட்ராய் சொன்னதும் லேபிள் போகும், அதோடு படமும் போகும்.

அப்புறம் அந்த ஸ்லீப்! போட்டோவை எல்லோரும் பார்க்கட்டும் என்று 5 வினாடி ஸ்லீப் போட்டிருந்தது. காபி தயாரான பிறகும் கொடுக்காமல் "உட்காருங்க, உட்காருங்க" என்றால் எப்படி? அந்த 5 வினாடியும் புரோகிராம் மொத்தமாக உறைந்து நிற்கும், கிளிக் செய்தாலும் கேட்காது. சில புரோகிராம்களில் வேலையே நடக்காமல் கோடு மட்டும் நூறு சதவீதம் வரை ஓடும். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். பட்டியல் ஏறியதும் திரை போகட்டும் என்று மாற்றினோம்.

போட்டோவை என்ன செய்வது? 500க்கு 300 ஆகச் சுருக்கினால் 6 லட்சம் பைட்தான், எண்பதில் ஒரு பங்கு. சுருக்கிப் பார்த்தோம். முகமெல்லாம் கடுகு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் போட்டோவையே எடுத்துவிட்டு, பிரிண்ட் போட்டு நூலகச் சுவரில் ஒட்டினோம். இப்போது நின்று நிதானமாகப் பார்க்கலாம். பட்டியல் வர 6 வினாடி.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. "போட்டோ போயாச்சு, அப்படியே அவங்க பேரையும் எடுத்துட்டு நம்ம பேரைப் போடலாம்டி" என்றாள் ஒரு தோழி. நாங்கள் மாற்றியது நாற்பது வரி. அவர்கள் எழுதியது எழுநூறு வரிக்கு மேல். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் கோப்பில் 3 பைட். நாலு பெயரும் சேர்ந்து 150 பைட்டைத் தாண்டாது. நாலு கோடியே எண்பது லட்சத்தைத் தூக்கிய கணக்கை இந்த நூற்றைம்பதுக்கும் காட்டுவது என்ன நியாயம்? அந்த நாலு பேரில் ஒரு அக்கா கல்லூரிக்குப் போகவில்லை, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் எழுதிய புரோகிராம் ஓடுகிற ஒரே இடம் நம் நூலகம்தான். இதைச் சொன்னதும் தோழி ஒன்றும் பேசவில்லை. பெயர்களைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். எழுத்தின் அளவையும் ஒரு சுற்று பெரிதாக்கினாள்.

நோட்டுக்குத் திரும்பும் பேச்சு இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு வேலை பாக்கி. அவசரத்தில் இரண்டு தடவை திறந்தால் புரோகிராம் இரண்டாக ஓடுகிறது. அதை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் லேபில் பார்க்கப்போகிறோம். பத்தாம் வகுப்பும் வரலாம், சார் சம்மதித்துவிட்டார். செருப்போடு சேர்த்து ஸ்லீப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவும்!

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி