யார்க்ஷயரின் தகரக் குவளை

இங்கிலாந்துக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர்களில் பெரும்பாலோர் லண்டனையும் ஆக்ஸ்போர்டையும் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரையும் பார்த்துவிட்டு, ‘இங்கிலாந்தைக் கண்டாயிற்று’ என்று திரும்பிவிடுகிறார்கள். மயிலாப்பூரை மட்டும் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டைக் கண்டதாகச் சொல்வதற்கு ஒப்பானது இது. அத்தேசத்தின் வடபுறத்தில் யார்க்ஷயர் என்றொரு பெரிய ஜில்லா இருக்கிறது. அங்கே ஜில்லாவைக் கௌண்டி என்பார்கள். அதன் மேற்குப் பாகம் முழுவதும் குன்றுகளும் பள்ளத்தாக்குகளுமாய் விளங்குவது. பள்ளத்தாக்குக்கு ஓர் ஊர். ஊருக்குப் பல மில்கள். லங்காஷயரின் பருத்தித் துணியை நம் தேசம் நன்கு அறியும். அறிந்துதான் அந்நியத் துணியைக் கொளுத்தியது. யார்க்ஷயரோ கம்பளிக்குப் பேர்போனது. நாம் அங்கே சென்றது மில்லைப் பார்ப்பதற்கன்று. அந்த ஊர் ஜனங்கள் ‘பழைய தகரக் குவளை’ என்று செல்லமாகப் பெயரிட்டழைத்த ஒரு பந்தயக் கோப்பையின் சரித்திரத்தை அது நடந்த இடங்களிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது ஆவல்.

லீட்ஸ் நகரிலிருந்து ரெயில் ஏறினால் முதலில் பிராட்போர்டு, அப்பால் ஹாலிபாக்ஸ். ஊர் நடுவே ‘பீஸ் ஹால்’ என்னும் பழைய துணிச்சந்தை நிற்கிறது. விசாலமான முற்றத்தைச் சூழ்ந்து தூண் வரிசைகள். அவற்றின் பின்னே 315 அறைகள். 1779-ம் வருஷம் திறக்கப்பட்ட இக்கட்டடத்திற்குத்தான் குன்றுப்புறத்துக் கைத்தறிக்காரர்கள் தாங்கள் நெய்த கம்பளித் துண்டைத் தோளில் சுமந்து வந்து விற்றார்கள். நீராவி மில்கள் வந்தன, கைத்தறி ஓய்ந்தது, நெசவாளி மில் கூலியானான். இந்தக் கதை நமக்குப் புதிதன்று. நம் நெசவாளரைக் கெடுத்த இயந்திரம் அதற்கு முன்பே தன் சொந்த நாட்டு நெசவாளரையும் கெடுத்திருந்தது என்பதை அம்முற்றத்தில் நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊரின் மற்றொரு கோடியில் ‘டீன் கிளஃப்’ என்ற பிரம்மாண்டமான கம்பள மில் இருக்கிறது. 1980-க்குப் பின் சில ஆண்டுகளில் அங்கே தறிகள் ஓய்ந்தன. பிற்பாடு அதில் காரியாலயங்களும் சித்திரசாலைகளும் குடிபுகுந்தன.

மில்லுக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தமுண்டு. 1850-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமையன்று பிற்பகல் 2 மணியோடு பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலை முடிய வேண்டும் என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது. ஆகவே ஆண்களும் அந்நேரத்தில் வெளியே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உரியது. சனிக்கிழமை மாலை மட்டுமே தொழிலாளிக்குச் சொந்தம். அந்தச் சில மணி நேரத்தில் முளைத்து வளர்ந்ததுதான் இங்கிலாந்தின் பந்தாட்டம்.

இங்கே நாம் பேசுவது ரக்பி ஆட்டத்தைப் பற்றி. முட்டை வடிவமான பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடலாம். எதிரி கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். நமது சடுகுடுவையும் கால்பந்தையும் சேர்த்துச் சேற்றில் புரட்டினாற்போல் இருக்கும். ரக்பி என்ற ஊரிலுள்ள பிரபு வம்சத்துப் பள்ளிக்கூடத்தில் பிறந்தமையால் அப்பெயர் பெற்றது. 1871-ல் லண்டனில் ‘ரக்பி யூனியன்’ என்ற தலைமைச் சங்கம் ஏற்பட்டது. அத்தகைய பள்ளிகளில் படித்துத் திரும்பிய மில் முதலாளிகளின் பிள்ளைகளே வடக்கில் இவ்வாட்டத்தைப் பரப்பினார்கள். பிராட்போர்டு, ஹட்டர்ஸ்பீல்டு, ஹல் முதலிய ஊர்களில் 1860-க்குப் பின் சங்கங்கள் எழுந்தன. 1873-ல் வேக்பீல்டு நகரத்து ‘ஹோலி டிரினிடி’ தேவாலயத்தின் வாலிபர் கூட்டம் ஒரு சங்கத்தை ஆரம்பித்தது. அதே வருஷத்தில் ஹாலிபாக்ஸிலும் ஒன்று தோன்றிற்று.

1877-ல் யார்க்ஷயர் ஜில்லாச் சங்கங்களுக்கென்று ஒரு கோப்பை ஏற்பட்டது. தோற்றவர் அத்துடன் விலக, வென்றவர் மேற்செல்லும் ‘நாக்-அவுட்’ முறை. 1877-78 பருவத்தில் ஹாலிபாக்ஸ் கோஷ்டி யார்க் நகரத்தாரைத் தோற்கடித்து முதற் கோப்பையைக் கைப்பற்றியது. அதன் பின் ஜில்லா முழுவதையும் ஓர் ஆவேசம் பிடித்துக்கொண்டது. 1879-லும் 1880-லும் வேக்பீல்டு டிரினிடி ஜயித்தது, 1881-ல் டியூஸ்பரி.

அடுத்த வருஷம் நடந்ததுதான் விசேஷம். வேக்பீல்டு நகரை ஒட்டித் தார்ன்ஸ் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. 1882-ல் அக்கிராமத்துக் கோஷ்டி, இறுதி ஆட்டத்தில் பக்கத்து நகரத்துப் பெரிய சங்கமாகிய டிரினிடியையே வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிச் சென்றது! முன்வரிசையில் கும்பலாகத் தள்ளுவதே அக்காலத்து வழக்கம். தார்ன்ஸ் கிராமத்தாரோ ஒவ்வொருவனுக்கும் ஓரிடமும் ஒரு வேலையும் என்று வகுத்துக்கொண்டு ஆடினார்கள் என்று இவ்வாட்டத்தின் சரித்திரம் எழுதியோர் கூறுவர். பெரிய ஊரின் பலத்தைச் சின்ன ஊரின் யுக்தி வென்றது. லீக் முறையில் வருஷம் முழுவதும் சேர்ந்த கணக்கே பேசும். நாக்-அவுட் முறையிலோ ஒரு நாள் மாலை போதும், கிராமமும் நகரமும் சரிசமம். தொழிலாளி ஜனங்கள் இந்தக் கோப்பையின்மீது உயிரை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இச்சமயத்தில் நமது தேசத்து வெள்ளி ரூபாய் ஒன்றும் இக்கதையில் புகுகிறது. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1873-ல் ஒரு ரக்பிச் சங்கம் நடத்தினார்கள். சில வருஷங்களிலேயே அது களையிழந்து கலைந்தது. மீந்திருந்த 270 வெள்ளி ரூபாய் நாணயங்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடிமேல் யானையுமாக ஓர் அழகிய கோப்பை செய்து, 1878-ல் லண்டன் யூனியனுக்கு அனுப்பினார்கள். சங்கங்களுக்கிடையே வருஷந்தோறும் பந்தயம் நடத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். லண்டன் கனவான்கள் கோப்பையை ஏற்றுக்கொண்டார்கள், பந்தயத்தை ஏற்கவில்லை. போட்டி மிகுந்தால் ஆட்டத்தின் கண்ணியம் கெடும் என்று கருதி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடக்கும் ஆட்டத்துக்கே அதனை ஒதுக்கிவைத்தார்கள். ‘கல்கத்தாக் கோப்பை’ இன்றைக்கும் அவ்வாறே வழங்கி வருகிறது.

ஒரு வகையில் அக்கனவான்கள் பயந்தது சரியே. கோப்பை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் டிக்கட் பணம் வரும். யார்க்ஷயரில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் காசு கொடுத்து மைதானத்தில் நெருக்கியடித்தார்கள். ஜயிக்க வேண்டுமென்றால் கெட்டிக்கார ஆட்டக்காரன் வேண்டும். அவனோ சுரங்கத்திலும் மில்லிலும் நாட்கூலிக்கு உழைப்பவன். வெளியூர் ஆட்டத்துக்கு ரெயில் ஏறவேண்டுமானால் சனிக்கிழமை காலை வேலைக்குப் போக முடியாது, கூலி போய்விடும். ஆட்டத்தில் எலும்பு முறிந்தால் பல வாரங்களுக்கு வீட்டில் அடுப்பெரியாது. அவனைப் பார்ப்பதற்கென்று வசூலான பணமோ சங்கத்தின் பெட்டியில் இருந்தது. ஆகவே சில சங்கங்கள் அவனுக்கு மறைவாக ஏதோ கொடுத்தன; சில இடங்களில் நல்ல உத்தியோகமோ மதுக்கடை நடத்தும் வசதியோ தேடித் தந்தன.

1886-ல் லண்டன் யூனியன், ஆடுபவனுக்கு எவ்விதத்திலும் காசு கொடுக்கலாகாது என்று கண்டிப்பான விதி செய்தது. அக்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு விளையாட்டாகவே இருக்கவேண்டும், கூலிக்கு ஆடினால் அது கூத்தாகும், பணக்காரச் சங்கம் ஏழைச் சங்கத்தின் ஆட்களை விலைக்கு வாங்கிவிடும் என்றார்கள். இக்கட்சிக்கு யார்க்ஷயரிலேயே முன் நின்றவர் பாதிரியார் பிரான்ஸிஸ் மார்ஷல். ஹட்டர்ஸ்பீல்டை அடுத்த ஆல்மண்ட்பரியில் தலைமையாசிரியர். 1892-ல் ரக்பியைப் பற்றி ஒரு பெரிய நூலும் வெளியிட்டவர். நம்முடைய தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவரிடம் நமக்கு ஒரு பரிவு உண்டு. பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு, காசு என்ற சொல் மைதானத்தில் கேட்டாலே முகம் சுளிக்கத்தான் செய்யும். ஆனால் மாதச் சம்பளக்காரனுக்குச் சனிக்கிழமை ஆட்டத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. அவனுடைய தியாகம் செலவில்லாத தியாகம். நாட்கூலிக்காரனிடம் அதே தியாகத்தைக் கேட்பது, இருவருக்கும் ஒரே விதி என்று சொல்லி ஒருவனை மட்டும் வெளியே நிறுத்துவதாகும். அதே காலத்தில் கிரிக்கெட்டில் டபிள்யூ. ஜி. கிரேஸ் ‘அமெச்சூர்’ என்ற பட்டத்தோடேயே ஏராளமான பொருள் ஈட்டினார். அவரைக் கேட்பார் இல்லை.

1893-ம் வருஷம் செப்டம்பர் மாதம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலஸ் ஹோட்டலில் யூனியனின் பொதுக்கூட்டம் கூடியது. உண்மையாக இழந்த கூலியை மட்டும் ஈடு செய்ய அனுமதிக்க வேண்டும் என்று யார்க்ஷயர்ப் பிரதிநிதிகள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சம்பளம் கேட்கவில்லை, நஷ்டஈடுதான் கேட்டார்கள். வடக்கிலிருந்து ஆட்கள் நேரில் வந்தார்கள். எதிர்க்கட்சியினர் வராதவர்களின் பதிலாள் வோட்டுகளைக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். தீர்மானத்துக்கு 136 வோட்டு, எதிராக 282. அவ்வருஷம் ஜனவரியில்தான், பிராட்போர்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்திருந்தது. பின்னர் 1907-ல் நம் தேசத்துக்கு வந்து சென்ற கேர் ஹார்டி அதன் தலைவர். சட்டசபையிலும் மைதானத்திலும் ஒரே ஜனங்கள் ஒரே கேள்வியைக் கேட்ட காலம் அது.

ஹாலிபாக்ஸிலிருந்து சிறிது தூரத்தில் ஹட்டர்ஸ்பீல்டு இருக்கிறது. ரெயில் நிலையத்தின் முகப்பு கிரேக்கக் கோயிலைப் போன்ற பெருந்தூண்களோடு கம்பீரமாக நிற்கிறது. எதிர்ச் சதுக்கத்தில் அவ்வூரில் பிறந்து பிரதம மந்திரியான ஹரால்டு வில்ஸனின் சிலை. அதே சதுக்கத்தில்தான் ஜார்ஜ் ஹோட்டல். 2013-ல் அது மூடப்பட்டது. பின்னர் நகரசபையே அதனை விலைக்கு வாங்கிற்று. 1895-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி இக்கட்டடத்தில் 21 சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். அவற்றுள் 20 சங்கங்கள் லண்டன் யூனியனிலிருந்து விலகி ‘வடக்கு யூனியன்’ அமைப்பதென்று முடிவு செய்தன. டியூஸ்பரி மட்டும் தயங்கி நின்றது. அதுவும் மூன்று வருஷத்தில் வந்து சேர்ந்தது. புதிய யூனியன் அனுமதித்த நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 6 ஷில்லிங்கு மிகாமல். அதற்காகத்தான் ஓர் ஆட்டம் இரண்டாகப் பிளந்தது.

தகரக் குவளையை வென்ற ஹாலிபாக்ஸ், வேக்பீல்டு, பாட்லி, பிராட்போர்டு, ஹட்டர்ஸ்பீல்டு, ஹன்ஸ்லெட் ஆகிய அனைவரும் பிரிந்தவர்களின் பக்கம். கோப்பையோ பழைய யூனியனிடமே தங்கிவிட்டது. பந்தயம் நிற்கவில்லை; 21-ம் நூற்றாண்டிலும் அதற்காகச் சங்கங்கள் மோதியிருக்கின்றன. ஆயினும் அதை ஜனங்களின் உத்ஸவமாக்கிய ஊர்கள் அதில் இல்லை. அவர்கள் 1905-ல் தங்களுக்கென்று வேறொரு யார்க்ஷயர்க் கோப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். முதலில் வென்றது ஹன்ஸ்லெட். ஒரே ஜில்லாவில் ஒரே பெயருள்ள இரு கோப்பைகள்! 1889 முதல் 1896 வரை எட்டு வருஷங்களில் ஏழு முறை இங்கிலாந்தின் ஜில்லாச் சாம்பியனாக விளங்கிய யார்க்ஷயர் யூனியன், பிரிவுக்குப் பின் அந்தப் பெருமையை இழந்தது. வடக்கு யூனியனில் ஒரு முறை ஆடியவன், காசு வாங்காமல் ஆடினாலும், பழைய யூனியனுக்கு வாழ்நாள் முழுவதும் தீண்டத்தகாதவன். ஜாதிப் பிரஷ்டம் நம் நாட்டு வழக்கம் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே கேள்வி பார்லிமெண்டிலும் இருந்தது. அங்கத்தினர்களுக்குச் சம்பளம் கூடாது, தேச சேவை கௌரவ ஊழியமாக இருக்கவேண்டும் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். தொழிலாளி பார்லிமெண்டுக்கு வர வேண்டுமானால் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை உணர்ந்து, 1911-ல் வருஷத்துக்கு 400 பவுன் சம்பளம் ஏற்படுத்தினார்கள். பார்லிமெண்டு 1911-ல் ஒப்புக்கொண்டதை ரக்பிக் கனவான்கள் ஒப்புக்கொள்ள 1995-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி வரை ஆயிற்று. அன்று ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று சர்வதேச ரக்பிச் சபை தடையை நீக்கிற்று. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்திலிருந்து எண்ணினால் நூறு வருஷத்துக்கு மூன்றே நாள் குறைவு.

ஹாலிபாக்ஸ் சங்கம் 1886 முதல் 1998 வரை ஆடிய ‘திரம் ஹால்’ மைதானம் போய், அவ்விடத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை எழுந்துவிட்டது. அந்தச் சரிவில் நின்று கீழே ஊரைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது இதுதான்: நம் ஊர்களிலும் எத்தனையோ சபைகளும் விளையாட்டுச் சங்கங்களும் ‘கௌரவ’ என்ற அடைமொழியோடு நடைபெறுகின்றன. அவற்றின் விதிகள் தூய்மையானவையே. ஆனால் அவ்விதிகளின்படி ஒரு நாள் கூலியை இழக்கச் சக்தியில்லாதவன் உள்ளே வர முடியுமா என்று ஒரு முறையேனும் கேட்டுப் பார்க்கவேண்டும். வர முடியாதென்றால், குறை அவனுடைய பற்றில் இல்லை, விதியில் இருக்கிறது.