ஊர் பெயர்ந்த கழகம்

இலண்டன் மாநகரின் தென்மேற்கில் உள்ள விம்பிள்டன் டென்னிசால் உலகறிந்த ஊர். அவ்வூருக்கு 1889ஆம் ஆண்டு முதல் கால்பந்துக் கழகம் ஒன்றும் உண்டு. பிளவ் லேன் என்னும் தெருவிலிருந்த எளிய திடலே அதன் தாய்வீடு. 1988இல், அவ்வாண்டின் லீக் வாகையரான லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை அது வென்றது. மூன்றாண்டுகளில் அத்திடலை விட்டு வெளியேறி, வேறோர் அணியின் அரங்கில் ஒண்டுக்குடித்தனம் இருக்க நேர்ந்தது.

வரவு சுருங்கியது, உரிமையாளர்கள் கணக்குப் பார்த்தனர். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரம் தனக்கென லீக் அணி இன்றி இருந்தது. கழகத்தை அங்கே பெயர்த்துச் செல்ல அவர்கள் விழைந்தனர். 2002 மே மாதம், மூவர் குழு இருவருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் அதற்கு இசைவளித்தது. நட்டத்தில் ஓடும் ஆலையை வேறூருக்கு மாற்றுவது வணிகத்தில் இயல்பு. ஆனால், கழகம் ஆலைதானா? ஆலையின் வாடிக்கையாளர் வேறு கடை நாடுவர். இரசிகர் வேறு அணி நாடுவதில்லை.

அவர்கள் நாடவும் இல்லை. சில வாரங்களிலேயே தங்களுக்குச் சொந்தமான புதிய கழகத்தைத் தொடங்கினர். ஊர்ப் பொதுவெளியில் நடந்த வீரர் தேர்வுக்கு 200க்கும் மேற்பட்டோர் வந்தனர். முதல் ஆட்டத்தில் 0-4 எனத் தோற்ற அணியைக் காண 4,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர்! ஒன்பதாம் படிநிலையில் தொடங்கிய அவ்வணி, 2011இல் நான்காம் படிநிலையை எட்டியது. பழைய கோப்பைகளும் 2007இல் விம்பிள்டன் பகுதிக்கே திரும்பின.

இவ்வெற்றியில் ஒரு முள்ளும் உண்டு. புதிய கழகம் குடியேறிய கிங்ஸ்மெடோ அரங்கு, கிங்ஸ்டோனியன் என்னும் சிறிய அணியின் இல்லம். பின்னாளில் தன் சொந்த அரங்குக்குப் பணம் வேண்டி, விம்பிள்டன் அதைச் செல்சிக்கு விற்றது. கிங்ஸ்டோனியன் இடமின்றி வெளியேறியது. வீடிழந்த வலியை அறிந்தவர்களே இன்னோர் அணி வீடிழக்கக் காரணமாயினர். பணத்தின் தேவை இரசிகர்களையும் விட்டுவைக்கவில்லை.

விற்ற தொகையோடு, இரசிகர்கள் வாங்கிய கடன்பத்திரங்களும் கைகொடுத்தன. 2020 நவம்பரில் பிளவ் லேனில், பழைய திடலுக்கு மிக அருகே, புதிய அரங்கு திறக்கப்பட்டது. கொரோனாக் காலம் அது. பதினெட்டு ஆண்டுகள் போராடியவர்கள் வீட்டிலிருந்தே அந்த முதல் ஆட்டத்தைக் கண்டனர். இருக்கைகள் யாவும் வெறுமையாய் இருந்தன.