பாதியில் நின்ற செபமாலை

சங்ககிரி லாரிகளின் ஊர். எங்கள் இல்லத் தலைவரும் லாரி ஓட்டுபவரே. வடநாடு சென்றால் திரும்பப் பதினைந்து நாள்களாகும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபரில் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்து வரைந்த திருமடலில் குடும்பச் செபமாலையை வலியுறுத்தினார். அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லையே என்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு, ஆண்டவர் மன்னிப்பாராக.

சென்ற வியாழனன்று மூன்றாம் பத்திலேயே இளையவன் உறங்கிவிட்டான். மூத்தவளுக்கோ மறுநாள் கணக்குத் தேர்வு, மடியில் புத்தகம். சினந்து கையோங்கிவிட்டோம். இருவரும் அழுதனர். அவ்வேளை நாகபுரியிலிருந்து அவரது தொலைபேசி அழைப்பு.

“செபமாலை முடிந்ததா?”

“பாதியில் நிற்கிறதுங்க.”

நான்காம் பத்தை அவரே தொடங்கினார். இடையிடையே சாலையின் இரைச்சல். மூத்தவள் புத்தகத்தை மூடாமலே மறுமொழி சொன்னாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.