ரிச்சி தெருவில் ஒரு திரை வைத்தியம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அப்பப்பா, என்ன நெரிசல்! கம்பிச் சுருள்களும் ஒலிபெருக்கிகளும் இரு பக்கமும் குவிந்து கிடக்க, நடுவே கைப்பேசிக்கு வைத்தியம் பார்க்கும் சின்னஞ்சிறு கடைகள்!

சமையலறையில் கைநழுவி விழுந்து, சிலந்தி வலைபோல் கீறல் விட்ட என் 'ஐபோன் எக்ஸ்ஆர்' உடன் அங்கே போனேன். மனத்தில் பயம்தான். முன்பு ஐபோன் 8-க்கு வேறோர் இடத்தில் திரை மாற்றினேன். படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் 'ட்ரூ டோன்' போயே போய்விட்டது! அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றி, கண்ணுக்கு இதமளிக்கும் வசதி அது. இரவில் மாமியாருக்குத் தொடர்கதை படித்துக் காட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே கண் கூசியது.

இம்முறை கடைத் தம்பி என்ன சொன்னார் தெரியுமா?

"பழைய திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அக்கா. சூட்சுமமே அதில்தான் இருக்கு!"

அந்தத் திரைக்குரிய விவரங்கள் அதிலுள்ள சிறு சில்லில் பதிந்திருக்குமாம். பழையதை ஒரு கையடக்கப் பெட்டியில் இணைத்து விவரத்தைப் படித்தார். புதியதை இணைத்து அதில் எழுதினார். அவ்வளவுதான், ட்ரூ டோன் உயிர் பெற்றது!

ஆகவே வாசகிகளே, வேலை தொடங்குமுன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பணம் கொடுக்குமுன் ட்ரூ டோன், தானே கூடிக் குறையும் வெளிச்சம், விரல் தொடும் மூலைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். கத்தரிக்காயையே புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இதை மட்டும் பாராமல் வாங்கலாமா?